உறக்கம் வராத கவிஞன்: இலத்தீன் கவிதையில் நட்பு

ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸ் எழுதிய ஐம்பதாவது கவிதையை முதன்முறையாகப் படிக்கும் எவரும் அதைக் காதல் கவிதை என்றே எண்ணுவர். முந்தைய நாள் முழுவதும் உடனிருந்தவரின் நயத்திலும் நகைச்சுவையிலும் மனம் பற்றியெரிய வீடு திரும்பியவன், உணவில் நாட்டமில்லாமல், உறக்கம் கண்களைத் தழுவாமல், படுக்கையில் புரண்டபடி, அவரோடு மீண்டும் பேசுவதற்காகப் பொழுது விடியக் காத்திருக்கிறான். உடல் சோர்ந்து பாதி உயிராகக் கிடக்கும் வேளையில், தன் வேதனையை அவர் அறியட்டும் என்று இந்தக் கவிதையை இயற்றி அனுப்புகிறான். ஆனால் இதைப் பெறுபவர் காதலி அல்லர். லிசினியுஸ் கால்வுஸ் என்னும் நண்பர், வழக்காடு மன்றங்களில் பெயர்பெற்ற பேச்சாளர், கவிஞர். அந்த நாளில் இருவரும் செய்ததெல்லாம் மது அருந்தியபடி, மெழுகுப் பலகையில் யாப்பை மாற்றி மாற்றிப் போட்டிக்குச் செய்யுள் எழுதியது மட்டுமே.

நம் கைக்குக் கிடைத்துள்ள தொகுப்பில் இதை அடுத்து நிற்பது, காதலியைக் கண்டதும் நாக்கு மரத்துப்போய், செவிகள் இரைந்து, கண்கள் இருள்வதைச் சொல்லும் கவிதை. கிரேக்கப் பெண்கவிஞர் சாப்போவின் பாடலை அடியொற்றியது. இந்த வரிசையைக் கவிஞரே அமைத்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இரண்டையும் தொடர்ந்து படிக்கையில், நட்புக்கென ஒரு மிதமான மொழியும் காதலுக்கென ஒரு தீவிரமான மொழியும் வேண்டும் என்ற எண்ணம் கத்துல்லுஸிடம் சிறிதும் இல்லை என்பது தெளிவாகிறது.

எதிர்த்திசையிலும் அவர் இதையே செய்கிறார் என்பதுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. லெஸ்பியா என்று பெயரிட்டு அழைத்த காதலியிடம் தாம் கொண்ட அன்பின் ஆழத்தைச் சொல்ல வரும்போது, அவர் நட்பின் சொற்களைக் கடன் வாங்குகிறார். நூற்றொன்பதாம் கவிதையில், புனிதமான நட்பின் நிலையான உடன்படிக்கையை வாழ்நாள் முழுவதும் காக்க அருளுமாறு தெய்வங்களை வேண்டுகிறார். கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமில் நட்பு என்பது மனத்தின் இசைவோடு நின்றுவிடும் ஒன்றன்று. உதவிக்கு உதவி, வாக்குக்கு வாக்கு என்று கடமைகளால் கட்டப்பட்டது, அரசியலிலும் வழக்குகளிலும் துணைநிற்பதை எதிர்பார்ப்பது. காதலுக்கு அத்தகைய உறுதி ஏதும் இல்லாததால்தான் அவர் அந்த உறுதியை நட்பிடம் தேடிச் செல்கிறார் என்று நான் நம்புகிறேன்.

உடன்படிக்கை என்று கருதப்பட்டதால், நட்பின் முறிவு அவருக்கு வெறும் வருத்தமாக இல்லாமல் குற்றமாகவே தெரிகிறது. தம்மைக் கைவிட்ட அல்ஃபேனுஸிடம், நீ மறந்தாலும் தெய்வங்கள் மறக்கவில்லை, வாய்மைத் தெய்வம் மறக்கவில்லை என்கிறார். எழுபத்து மூன்றாம் கவிதையில், தம்மைத் தன் ஒரே நண்பன் என்று கொண்டிருந்தவனே இப்போது எவரினும் கொடிதாகத் தம்மை வருத்துகிறான் என்று முடிக்கும் அடியில், ஒரு சொல்லின் ஈறு அடுத்த சொல்லின் முதலோடு ஐந்து இடங்களில் கலந்து மறைகிறது. உரக்கப் படித்தால் சொற்கள் தொண்டையில் நெருக்கியடித்து வருவதை உணரலாம்.

இறப்பின் முன் நட்பு என்ன சொல்ல முடியும் என்பதில் இன்னொரு ரோமானியக் கவிஞரான ஹொராஸ் வேறு வழியில் செல்கிறார். கவிஞர் வெர்ஜிலைத் தம் உயிரின் பாதி என்று அழைத்தவர் அவர். இருவருக்கும் நண்பரான குவிந்திலியுஸ் இறந்தபோது, கிரேக்கத் தொன்மக் கதைகளின் இசைவல்லுநன் ஓர்ஃபியுஸை விஞ்ச யாழ் மீட்டினாலும் போன உயிர் மீளாது என்று வெர்ஜிலிடம் சொல்லி, மாற்ற முடியாததைப் பொறுமை இலேசாக்கும் என்று முடிக்கிறார். அதன் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கால்வுஸின் அன்புக்குரிய குவிந்திலியா இளவயதில் மறைந்தபோது கத்துல்லுஸ் எழுதிய ஆறு அடிகளையே அதனினும் உயர்ந்ததாகக் கருதுகிறேன். ஊமைக் கல்லறைகளுக்கு நம் துயரால் ஏதேனும் இன்பம் எட்டுமானால், தன் அகால மரணத்துக்காக அவள் வருந்துவதைவிட உன் அன்பை எண்ணி மகிழ்வதே மிகுதி என்கிறார் அவர். பொறுத்துக்கொள் என்று அறிவுரை கூறாமல், நண்பனின் அழுகைக்கே ஒரு பயனைத் தேடித் தருகிறார்.

நட்பு அச்சத்தோடு மோதும் இடம் ரோமானியக் கவிஞர் ஓவிடினுடையது. கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்துஸ் அவரைக் கருங்கடற்கரையில் உள்ள தோமிஸ் நகருக்கு நாடுகடத்தினார். ரோமில் கழித்த கடைசி இரவை நினைவுகூரும் கவிதையில், பலராக இருந்த நண்பர்களில் ஓரிருவரே விடைகொடுக்க நின்றதாகச் சொல்கிறார். நாடுகடந்த முதல் ஆண்டுகளின் ‘துயரங்கள்’ தொகுப்பில், அன்பு காட்டியவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்று நண்பர்களின் பெயர்களைப் பெரும்பாலும் மறைத்தே எழுதினார். பின்னர் வந்த கருங்கடற்கரைக் கடிதங்களில் பெயர்களை வெளிப்படையாக எழுதலானார். அப்போதும் ஒருவர் தம் பெயர் கவிதையில் இடம்பெற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, அந்த அச்சம் தேவையற்றது என்று அவரிடம் வாதிட்டு, ஆயினும் அவர் விருப்பப்படியே பெயரை விட்டுவிட்டு அவருக்கென ஒரு முழுக் கவிதையை எழுதியனுப்பினார் ஓவிட்.