ஒரு நூலும் கொஞ்சமும்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப் சத்தம். ஒஹாயோவிலிருந்து அக்கா மகன். உள்ளங்கையில் ஐந்து பித்தளைத் தோட்டாக் கூடுகளை வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். ஐந்துக்கும் வாய்க்குக் கீழே தொந்தி. "மாமா, டை போயிடுச்சா?" (டை என்றால் உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கிற அச்சு.)

அவனுக்கு அங்கே ரிவால்வர் சுடுவது பொழுதுபோக்கு. சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் கைப் பிரஸ் வைத்துத் தானே மறுபடி தோட்டாவாக்குகிறான். அந்த ஊரில் தூண்டில் போடுகிற மாதிரி அதுவும் சாதாரணம். இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆயுதச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். நானே என்.சி.சி.யில் ஐந்து ரவுண்டு சுட்டதோடு சரி. ஆனால் டை என்றால் எனக்குப் புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் பிரஸ் டூல்.

கேட்டேன்: "நேத்து என்ன ஓட்டின, இன்னைக்கு என்ன ஓட்டின?" நேற்று .38 ஸ்பெஷல், இன்று .357 மேக்னம், இரண்டும் ரிவால்வர் தோட்டா வகை. ஒரே டை செட். பெட்டியிலேயே இரண்டு பெயரும் போட்டிருக்கிறதாம்.

டை நன்றாகத்தான் இருக்கிறது. செட்டிங்கை மாற்றாமல் ஓட்டியிருக்கிறான்.

ஜூன் 4, புதன்

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனிடம் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டேன். செட்டில் மூன்று டை. முதலாவது, சுட்டதில் உப்பிய கூட்டை இறுக்கிப் பழைய விட்டத்துக்குக் கொண்டுவந்து, அடியில் இருக்கிற செத்த பிரைமரையும் (மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) தள்ளிவிடும். உள்ளே கார்பைடு வளையம் இருப்பதால் எண்ணெய்கூட வேண்டாம். இரண்டாவது, வாயைக் கொஞ்சம் விரிக்கும். மூன்றாவது, குண்டை உட்காரவைத்து வாயை மடிக்கும்.

முதல் டைக்கு விட்டம்தான் கணக்கு, நீளம் கணக்கே இல்லை. இரண்டு தோட்டாவுக்கும் கூட்டின் வெளி விட்டம் 0.379 இஞ்ச். அதனால் அதைத் தொடவே வேண்டாம். (.38 என்று பெயர் வைத்தவர்கள் இந்த வெளி விட்டத்தைப் பார்த்து வைத்தார்கள் போல. குண்டை அளந்தால் 0.357, 0.358தான் வரும்.) வம்பு பண்ணுவது மற்ற இரண்டும். .38-ன் கூடு 1.155 இஞ்ச், .357-ன் கூடு 1.290. குட்டைக் கூட்டுக்கு இறக்கிவைத்த டைக்குள் நெட்டைக் கூடு ஏறினால், வாயை மடிக்கிற விளிம்பு சீக்கிரமே இடித்துவிடும். கைப்பிடியோ இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். கூடு எங்கே போகும்? தொந்தி போடும். தலைகீழாகச் செய்திருந்தால் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரியாது. மடிப்பு விழுந்திருக்காது, குண்டும் தூக்கலாக நின்றிருக்கும்.

எங்கள் கடையிலும் இதே கூத்து நடந்தது. ஹார்ன் கப் ஒன்று, இரண்டு உயரம், ஒரே டை. உயரமானதற்கு ஷிம் (இடையில் வைக்கிற தகடு) போட வேண்டும். நைட் ஷிப்ட் பையன் மறந்துபோனான். காலையில் ட்ரே நிறைய அப்பளம்.

ஜூன் 7, சனி

அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "விட்டம் ஒண்ணுன்னா ஏன் மாமா நீளத்தை மட்டும் மாத்தினாங்க?" 1935-ல் .357 வந்தபோது, அதன் அழுத்தம் பழைய .38 ரிவால்வர் தாங்கக்கூடியதல்ல. நெட்டையாக இருந்தால் பழைய துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் முழுதாக நுழையாது. அதற்காகத்தான் நீட்டினார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. எழுதி ஒட்டுகிற எச்சரிக்கையை எவனும் படிக்கமாட்டான். நுழையாத சாமானை மூடனும் நுழைக்கமுடியாது.

வித்தியாசம் 0.135 இஞ்ச். நம் கணக்கில் ஒரு நூலும் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) கொஞ்சமும். டையின் மரை இஞ்சுக்கு 14, ஆக முழுசாக இரண்டு சுற்றுகூட இல்லை, 1.89 சுற்று. கண்ணால் பார்த்து 1.89 சுற்றுவது நடக்கிற காரியமா? குட்டைக்கு செட் பண்ணி, டை இறங்காமல் பிடிக்கிற லாக் ரிங்கை இறுக்கிவிடு, நெட்டை ஓட்டும்போது 0.135 கனத்தில் ஒரு வளையத்தை லாக் ரிங்குக்கு அடியில் போடு என்றேன். இரண்டுக்கும் ஒரே குண்டாக இருந்தால் மட்டும். இவன் இரண்டிலும் 158 கிரெயின் எடையுள்ள ஒரே குண்டுதான் வைக்கிறான். குண்டு மாறினால் உள்ளே குண்டை அழுத்துகிற தண்டையும் திருகியாகவேண்டும். வெடிமருந்து அளவு மட்டும் அந்தந்தத் தோட்டாவுக்குப் புத்தகத்தில் உள்ளபடிதான், டையைப் பகிர்ந்தால் அதையும் பகிரலாம் என்று நினைத்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

சும்மா இருக்காமல் .44 ஸ்பெஷலையும் .44 மேக்னத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.160, 1.285. அச்சாக ஒரு நூல்! சுற்றுக் கணக்கில் ஒன்றே முக்கால். அதற்கு மார்க்கரில் கோடு போட்டாலே போதும்.

ஜூன் 8, ஞாயிறு

"நீங்களே லேத்தில் ஒண்ணு போட்டு அனுப்புங்க மாமா." பித்தளைத் துண்டு கையில் இருக்கிறது, அரை மணி வேலை. வீட்டில் கேட்டதும் எரிந்து விழுந்தாள். "கூரியர்காரன் உள்ள என்னன்னு கேட்டா தோட்டா சாமான்னு சொல்லப்போறீங்களா?" வெறும் வாஷர்தான். இருந்தாலும் அவள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அங்கேயே கடையில் கிடைக்கும், சில கம்பெனி டை செட்டோடு சேர்த்தே தருகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

அடுத்த ஆசை. 9 மி.மீ. கூட்டையும் இதே டையில் இறுக்கலாமா? .38-ம் 9 மி.மீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதானே என்கிறான். ஏறக்குறைய! 9 மி.மீ. நேர் கூடே இல்லை, சரிவு. அடியில் 0.391, வாயில் 0.380. நேரான வளையத்தில் இழுத்தால் அடியில் இஞ்சில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்குக்கு மேல் நெரிபடும். குண்டும் 0.355. அதோடு அந்தக் கூட்டுக்கு வெளியே நீட்டும் விளிம்பு கிடையாது, அறைக்குள் வாய் முனையில்தான் நிற்கும். ரிவால்வர் தோட்டா மாதிரி வாயை உள்ளே மடித்தால் நிற்க இடம் ஏது? தனி செட் வாங்கு என்றேன். "நாப்பது டாலர் மாமா." வாங்குடா.

.40-ம் 10 மி.மீட்டரும் வேறு கதை. 10-ஐக் குட்டையாக்கித்தான் 1990-ல் .40-ஐக் கொண்டுவந்தார்கள், ஒரே செட் இரண்டுக்கும் ஆகும். அவனிடம் இரண்டுமே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வளையம் வந்துவிட்டது. முப்பது .357 ஓட்டியிருக்கிறான், இருபத்தேழு சுத்தம். மூன்றில் மட்டும் லேசாகத் தொந்தி. கூடுகள் கலப்பு, சிலது கொஞ்சம் நீளமாக இருக்கும், நீளம் பார்த்து வெட்டினாயா என்றேன். இல்லையாம். ஏன்? வெர்னியர் டிஜிட்டலாம், பேட்டரி தீர்ந்து இரண்டு வாரமாம்.

பேட்டரியே இல்லாத என் மிட்டுடோயோ வெர்னியரை எடுத்து வீடியோ காலில் காட்டினேன். 1994-ல் பாரிமுனையில் வாங்கியது. பேட்டரி எங்க மாமா போடுவீங்க என்று கேட்கிறான்.