வயதை அல்ல, பிறந்த ஆண்டைக் கேளுங்கள்: வடசென்னைக் குறிப்புகள்

பிப்ரவரி 3, பெரம்பூர்

தலைமுறைக்குத் தலைமுறை அரசியல், சமூகப் பார்வை எப்படி மாறுகிறது என்று வடசென்னையில் வீடு வீடாகக் கேட்கிறோம். அதற்கான வினாத்தாளில் 'வயது' என்றிருந்ததை அடித்து, 'பிறந்த ஆண்டு' என்று மாற்றினோம். பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஒருவர் எதைக் கண்டார் என்பதை அந்த ஆண்டுதான் காட்டிக்கொடுக்கும். 1976-இல் பிறந்தவருக்கு, இங்கிருந்த பெரிய துணி ஆலையான பின்னி மில் மூடியபோது 20 வயது. முதல் ஓட்டையும் இதிலிருந்தே கணக்கிடலாம்; ஆனால் எல்லோருக்கும் 18-ஐக் கூட்டினால் தப்பாகிவிடும். ஓட்டு வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது 1989 மார்ச் 28-இல். 1970-இல் பிறந்தவருக்கு அந்த ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. நவம்பரில் மக்களவைக்குத்தான் முதல் ஓட்டு.

பிப்ரவரி 5, பட்டாளம்

'சங்கத்தில் நம்பிக்கை உண்டா?' என்ற கேள்வி உதவாது. மில் வேலை பார்த்தவருக்குச் சங்கம் என்றால் 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம். வண்டியில் சாப்பாடு கொண்டுபோகும் பேரனுக்கு அந்தச் சொல்லே வேறு. 'கூலியில் பிடித்தம் செய்தால் யாரிடம் போவீர்கள்?' என்று கேட்டால் இருவர் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 9, புளியந்தோப்பு

ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் எல்லாம் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள். சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-லேயே இதை எழுதினார். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. அதனால் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதைக் கேட்காமல் பேரனின் கட்சியை மட்டும் குறித்துக்கொள்வது பாதி வேலை. சாதியைத் தனிக் கட்டமாக வைத்தே ஆகவேண்டும். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 14, வியாசர்பாடி

ஒரே வீட்டில் ஆயா, அம்மா, பேத்தி மூவரையும் கேளுங்கள். அப்போது சாதியும் தெருவும் மாறாது, காலம் மட்டும் மாறும். மூவரையும் தனித்தனியாக, ஒரே நாளில் கேட்க வேண்டும். ராத்திரி கலந்து பேசிவிட்டால் மறுநாள் பதில் ஒன்றாகிவிடும். ஹவுசிங் போர்டு வீட்டில் தனி அறை இருக்காது, மொட்டைமாடி தோதானது. 'சாதி மறுப்புத் திருமணம் சரியா?' என்றால் எல்லோரும் சரி என்பார்கள். 'உங்க வீட்டுப் பெண் அப்படி ஒருவரை அழைத்து வந்தால், முதலில் யாருக்குச் சொல்வீர்கள், யாருக்கு மறைப்பீர்கள்?' என்று கேளுங்கள்.

பிப்ரவரி 20, ராயபுரம்

வயது ஏறியதால் வந்த மாற்றமா, பிறந்த காலத்தால் வந்ததா என்பது ஒருமுறை கேட்டால் பிரியாது. அதே பிறந்த ஆண்டுக்காரர்களிடம் ஐந்து வருடம் கழித்து அதே கேள்விகளோடு போகவேண்டும். சொல்லை மாற்றினால் ஒப்பீடு போச்சு. ஆனால் 1967-இல் ஓட்டுப் போட்டவர்கள் 1945-க்குள் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஐந்து வருடம் காத்திருக்க முடியாது. பட்டியலில் அவர்கள் வீடுகளை முதலில் வையுங்கள்.