வெள்ளைத் துணியும் கடலும்

நான் போர்ட் எழுதிவந்த அறையை மே மாதக் கடைசிக்குள் காலி செய்து தரவேண்டும். கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகிறார்களாம். இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டனில் ஜூன் பிறந்தால் மழை விடாது. நனையாமல் சாமான் இறக்க முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலையை விட்டே ஆறு வருடம் ஆகிறது. பிளெக்ஸ் வந்த பிறகு போர்ட் எழுதக் கூப்பிடுகிறவர்கள் குறைந்து, கடைசியில் வேன் கண்ணாடியில் சாமி பெயர் எழுதுவதோடு நின்றுபோனது. அதைப் பற்றி எல்லோரும் புலம்பியாயிற்று, நான் வேறு எதற்கு.

காலியான பெயின்ட் டின், முடி கொட்டிய தூரிகை, காய்ந்து கல்லாகிப்போன பிளாஸ்டிக் கப் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூட்டையாகிவிட்டன. அதற்குப் பிறகுதான் சுவரோரம் இருந்த தேயிலைப் பெட்டிகளுக்கு வந்தோம்.

பேரன் இந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. ஒட்டுப்பலகை, ஓரமெல்லாம் தகரம், உள்ளே ஈயத்தாள். வெளியே தோட்டத்தின் பெயர், தூளின் தரம், இலக்கம், எடை எல்லாம் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். கொழும்பு ஏலத்துக்கு ஒரு காலத்தில் தேயிலை இப்படித்தான் போனது, இப்போது காகிதச் சாக்கில் போகிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு பழைய பெட்டி கிடைத்துவிட்டால் அதுதான் அலமாரி, அதுதான் பிள்ளைகள் எழுதும் மேசை. மூடியைத் திறந்ததும் எனக்குத் தேயிலை வாசம் அடித்தது. மகள், "பூஞ்சணம்ப்பா" என்றாள். இருக்கலாம்.

அடியில் கிடந்ததெல்லாம் போர்ட் எழுதும் தொழிலுக்கு முந்தியவை. 1975இல் பதினாறு வயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்திருக்க வேண்டியவன். பள்ளிக்கூடச் சுவரில் வரைந்த மயிலைப் பார்த்து ஒருவர் ஸ்டூடியோ முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி கொடுத்த முதல் வேலை திரை வரைவது. பத்தடி அகலம், எட்டடி உயரம், காடாத் துணி. வச்சிரப் பசை காய்ச்சிச் சுண்ணப்பொடி கலந்து இரண்டு கை பூசி, காய்ந்த பிறகு பவுடர் கலரில் வரையவேண்டும். என்ன வரைய என்று கேட்டேன். "கடல்" என்றார்.

நான் கடலைப் பார்த்திருந்தால்தானே! ஒரு காலண்டரைப் பார்த்து ஒன்பது நாளில் வரைந்து முடித்தேன். அந்தத் துணி மூங்கிலில் சுருட்டியபடி அப்படியே கிடைத்தது. பேரனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாதிவரை விரித்தோம். மடிப்பில் கலர் உதிர்ந்து, தென்னை மரத்துக்குத் தலை போய்விட்டிருந்தது. அலைகளைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. தேயிலை நிரையை நீல நிறத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கடலுக்கு இருந்த கிராக்கி! கதவைத் திறந்தால் மலை. அந்த மலையிலிருந்து இறங்கி பஸ் பிடித்து வந்தவர்கள், காசு கொடுத்து என் கடலுக்கு முன்னால் நின்றார்கள்.

அந்தக் கூட்டம் எதனால் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்களைப் பிரித்துக்கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாரந்தோறும் யாராவது ஒரு குடும்பம் பாஸ்போர்ட் படம் எடுக்க வரும். தலைமன்னார் வரை கோச்சி, அதாவது ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். ஸ்டேஷனில் ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுகிற சத்தத்தில் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பேர் விழுந்துவிட்டது.

பாஸ்போர்ட் படம் வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுப்பது. அது முடிந்ததும் வீட்டுப் பெரியவர் முதலாளியிடம் போய் மெதுவாக, "எல்லாருமா ஒன்னு எடுத்துக்கலாங்களா" என்பார். வெளியே திண்ணையில் இருக்கும் தங்கச்சி, மச்சான், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் உள்ளே வருவார்கள். போகிறவர்களும் இருக்கிறவர்களும் கலந்து நிற்பது என் கடலுக்கு முன்னால்தான். இரண்டு பிரதி. ஒன்று பெட்டியோடு போகும், ஒன்று லயத்துச் சுவரில் ஏறும். என் அக்கா வீட்டுப் படமும் அப்படி எடுத்ததுதான். அது வேண்டாம், விடுங்கள்.

இரண்டாவது பெட்டியில் நெகட்டிவில் முகத்தைத் திருத்தும் டச்சிங் மேசை இருந்தது. மேசை என்பது பெரிய வார்த்தை. சாய்வான ஒரு பலகை, நடுவில் சதுர ஓட்டை, கீழே கண்ணாடித் துண்டு. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மேலே வரும், ஓட்டையின் மேல் நெகட்டிவை வைப்போம். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி முனையாக்கி, முகத்தில் சுருக்கம் இருக்கும் இடத்தைத் தொட்டுத் தொட்டு நிரப்பவேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக விழப்போகிற கோடு இதில் வெளிறித் தெரியும்; பென்சில் கறுப்பு ஏறினால் படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். கோடு இழுக்கக்கூடாது, புள்ளியும் தெரியக்கூடாது. சின்னச் சின்னச் சுழியாகக் கை போகவேண்டும், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே குழி, வெயிலில் கறுத்த நெற்றி எல்லாவற்றையும் ஆறே மாதத்தில் அழிக்கப் பழகிவிட்டேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

மேசையின் அடியில் ஒட்டியிருந்த படத்தைப் பேரன்தான் பார்த்தான். "தாத்தா, இது யாரு?" பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்துப் பையன், பதினெட்டு வயதிருக்கும். வழவழவென்று சினிமா நடிகர் முகம். நிஜத்தில் அவனுக்கு இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அழகாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட் படத்தில் அதை எடுத்துவிட்டேன், யாரையும் கேட்காமல். பாரத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் எழுதியிருந்ததே அந்த மச்சத்தைத்தான். அலுவலகத்தில் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையனின் அம்மா கொழுந்துக் கறை போகாத விரலால் படத்தில் கன்னத்தைத் தடவிக் காட்டி, "எம் புள்ள மச்சம் எங்க தம்பி?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அலைச்சலில் அவர்களுக்கு இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் கூலி, போனது. முதலாளி காசில்லாமல் வேறு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒன் அழகெல்லாம் அந்தக் கடலோட வச்சுக்க. வெள்ளத் துணியில கை வைக்காத." படத்தை மேசைக்கு அடியில் ஒட்டியதும் அவர்தான். குனிந்து கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த முகம் என் கண்ணில் படும்.

1984இல் கப்பல் நின்றது. சண்டை. முதலாளி காலமாகி ஸ்டூடியோவை மூடியபோது அவர் வீட்டார் இந்தச் சாமான்களை என்னிடம் கொடுத்தார்கள். அதோடு போர்ட் எழுத வந்துவிட்டேன். கோயில், சலூன், தேர்தல் சின்னமான சேவல், யானை, கை. அத்தனை வருடத்தில் எத்தனை எழுதியிருப்பேன், கணக்கே இல்லை. பெருமையாக நினைத்த ஒன்றுகூட இன்று டவுனில் கிடையாது. மழை தின்றது பாதி, மேலே சுண்ணாம்பு அடித்தது பாதி.

கடைசிப் பெட்டியில் காக்கிக் கவர்கள். எல்லாம் காலி, ஒன்றைத் தவிர. 1983 ஜூலை, ரசீது இலக்கம், பாக்கி 6 ரூபா. உள்ளே ஒரு புதுக் கல்யாண ஜோடி, கடலுக்கு முன்னால். படம் கறுப்பு வெள்ளை. சேலைக்கு மட்டும் நான் பஞ்சில் கலர் தொட்டு ஏற்றியிருக்கிறேன். மாம்பழ மஞ்சள் வேண்டும் என்று அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் வாங்க வரவேண்டியவர்கள், அந்த மாதக் கடைசியில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாடு எரிந்தது. அதற்குப் பிறகு இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சி என்று போனவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் வரவில்லை. படத்தில் சாம்பல் நிறமெல்லாம் பழுத்துப்போய்விட்டது. மஞ்சள் அப்படியே இருக்கிறது.

மகள் போனை எடுத்தாள். "போட்டுப் பாப்பமாப்பா? யாராச்சும் அடையாளம் சொல்லுவாங்க." வேண்டாம் என்றேன். பாக்கி வைத்தவர்களை ஊரறியத் தேடுகிற மாதிரி இருக்கும். ஆனால் அவள் சொன்னதிலும் தப்பில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திரையை ஆட்டோவின் கூரைமேல் வைத்துக் கட்டினோம். டிக்கோயாவில் மகள் வீட்டில் பத்தடித் துணியை விரிக்கச் சுவர் கிடையாது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. டச்சிங் மேசையைப் பேரன் எடுத்துக்கொண்டான், அடியில் ஒட்டிய பையனோடு. கவரை நான் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சலவைக்குப் போடும்போது மகள் எடுத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.