கழுவாத முட்டை

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் வீடு. பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். 6 பெட்டையும் ஒரு சேவலும் வளர்த்தேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து 10 முட்டை எடுத்தால் 6 முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தது.

"ரெண்டும் ஒரே ஓட்டை வழியா வந்தா அப்படித்தாம்ல இருக்கும். கழுவி வையி" என்றாள் ஆச்சி. நானும் கழுவி, துடைத்து, 11 முட்டையை அடைக்கு வைத்தேன். 8 கூமுட்டை. ஒன்று அடைக்கூடையிலேயே வெடித்து, கோழி அடையைவிட்டு எழுந்து போய்விட்டது. அந்த நாற்றத்தைவிட, 3 வாரம் தீனிகூடச் சரியாகத் தின்னாமல் அது உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆச்சி சொன்னதுபோல ஓட்டை ஒன்றுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கார்த்திகை முதல் வாரத்தில் அதற்கு வழி வந்தது, வருத்தமான வழியாக. மத்தியானம் ஒரு நாய் சாம்பல் கோழியைக் கவ்வி இடுப்பை முறித்துவிட்டது. காலை 10 மணிக்கு முட்டை விட்டிருந்த கோழி. பிழைக்காது என்று தெரிந்ததும் சாயங்காலம் 6 மணிக்கு அறுத்தோம். வயிற்றில் இருந்ததை எறியாமல் வாழை இலையில் பரப்பிவைத்தேன்.

முதலில் மஞ்சள் கருக் கொத்து. பெரியது எலுமிச்சங்காய் அளவு, அப்புறம் சுண்டைக்காய், மிளகு, கடைசியில் கடுகு. சின்ன வயதில் குழம்புச் சட்டியில் இதற்காகத்தான் நானும் தங்கச்சியும் அடித்துக்கொள்வோம். கொத்து முழுக்க இடப்பக்கம்தான் இருந்தது. வலப்பக்கம் தேடினேன், ஒன்றும் இல்லை. குஞ்சு முட்டைக்குள் உருவாகும்போதே வலப்பக்கத்துச் சினைப்பை வளராமல் நின்றுவிடுகிறது.

கொத்துக்குக் கீழே அண்டநாளம், முட்டை உருவாகி வரும் குழாய். சுருட்டிப் பிடித்திருந்த சவ்வை விரலால் விடுவித்து நீட்டி, தையல் டேப்பால் அளந்தேன்: 58 செ.மீ. தலைப்பக்கம் வெங்காயத் தோல்போல மெல்லிய புனல். விழும் மஞ்சள் கருவை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அடுத்தது தடித்த வெள்ளைப் பகுதி. வெள்ளைக்கரு சேர 3 மணி நேரம். கீறி விரலில் தேய்த்தால் வழவழவென்று ஒட்டியது. பிறகு ஒடுங்கிய ஒரு பகுதி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உள்சவ்வுகள் இரண்டும் அங்கே உண்டாகின்றன. அதற்கும் கீழே இருந்த பையில் ஒரு முட்டை கிடந்தது!

அமுக்கினால் குழிந்தது. மேலே உப்புத்தாள்போல நெறுநெறுப்பு. 10 மணிக்கு ஒரு முட்டை வெளியே வந்தால், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் அடுத்த கரு விழும். 3 மணி வாக்கில் இந்தப் பைக்கு வந்திருக்கும். ஓடு கட்டியாக 20 மணி நேரம் வேண்டும். இதற்குக் கிடைத்தது 3 மணி நேரம். வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கடைசியாக ஓட்டைப் பக்கம். எச்சமும் முட்டையும் வந்து சேரும் பொதுப் பைக்குக் குளோயகா என்று பெயர். அதை நீளவாக்கில் கீறினால் மூன்று அறைகள். உள்ளறையில் குடல் முடிகிறது, எச்சம் அங்கேதான் நின்றது. நடு அறையில் சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களும், இடப்பக்கம் அண்டநாளத்தின் வாயும். வெளி அறையோடு ஓட்டை. கோழிக்கு மூத்திரப்பை கிடையாது. யூரிக் அமிலம் வெள்ளைக் குழம்பாக எச்சத்தோடு சேர்ந்தே வெளியேறும். எச்சத்தின் மேல் தொப்பிபோல இருக்கும் அந்த வெள்ளையைப் பார்த்து வெள்ளைக்கழிச்சல் என்று பயப்பட வேண்டாம். அந்த நோயில் கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போகும், கோழியும் தூங்கி விழும்.

வழி ஒன்றென்றால் முட்டை ஏன் எல்லா நாளும் அழுக்காகவில்லை? மறுநாள் காலை கருப்பி என்ற கோழிக்குப் பின்னால் போனை வைத்துப் படம் எடுத்தேன். அது முக்கும்போது செக்கச் சிவந்த சதை வெளியே பிதுங்கி விரிந்தது, நடுவே முட்டை. அண்டநாளத்தின் கடைசிப் பகுதியே உள்புறம் வெளியாகத் திரும்பி, எச்சப் பாதையை அடைத்துக்கொண்டு முட்டையைக் கொண்டுவந்து விடுகிறது. சதை உடனே உள்ளே போய்விட்டது. முட்டை ஈரமாக, துளி அழுக்கில்லாமல் வைக்கோலில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஈரம் உலர்ந்து ஓட்டின் மேல் பூச்சாகிவிட்டது. ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடுவது அந்தப் பூச்சுதான். அதைத்தான் நான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

அப்படியானால் அழுக்கு கூட்டில்தான். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், முட்டைக்கு வைத்த நார்ப்பெட்டியிலேயே இரண்டு கோழி தூங்கிக்கொண்டிருந்தன, அடியில் எச்சம். பெட்டியைவிட உயரத்தில், 3 அடியில், கோழிகள் ஏறித் தூங்கப் பனங்கை ஒன்றைக் குறுக்கே கட்டினேன். பொழுது சாயும்போது பெட்டிகளைக் கவிழ்த்துவிடுவேன், விடியுமுன் நிமிர்த்துவேன். வாசலில் மணல் கொட்டினேன். பெட்டிக்கு முன்னால் சாக்கும் தொங்கவிட்டேன். வெளிச்சத்தில் அந்தச் சிவந்த சதையைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்திவிடும்.

அடுத்த 12 நாளில் 23 முட்டை. அழுக்கானவை 2, இரண்டும் மழை நாளில் சேற்றுக்கால் பட்டவை. அவற்றைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டோம்.

மார்கழி பிறந்ததும் செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. கழுவாத முட்டை 11 வைத்தேன். நேற்று ராத்திரி, 8ஆம் நாள், டார்ச்சின் மேல் வைத்து ஆச்சிக்குக் காட்டினேன். 9 முட்டையில் சிவப்பு நரம்பு ஓடியது. தெளிவாக இருந்த இரண்டையும் எடுத்துவிட்டேன். இன்னும் 13 நாள்.