ஒரு பாய், இரண்டு போர்வை, ஒரு டிசம்பர் இரவு

அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை, கையில் பெரிதாகப் பணம் இல்லை. ஆனால் எப்போதோ பேச்சுவாக்கில் "நான் இதுவரைக்கும் ஒரு எரிநட்சத்திரம்கூடப் பார்த்ததில்ல" என்று அவள் சொன்னது எனக்குள் தங்கியிருந்தது. என்னைக் கேட்டால் ஒரு டேட்டுக்கான திட்டம் அங்கேதான் தொடங்க வேண்டும், அவள் சொல்லி அவளே மறந்துபோன ஒன்றிலிருந்து.

ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி உச்சத்துக்கு வரும். வெறும் கண் போதும். டெலஸ்கோப் இருந்தால் தொந்தரவுதான், வானத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டுமே தெரியும். கவனிக்க வேண்டியது நிலாவைத்தான். 2023இல் அமாவாசை 12, 13 வாக்கில் வந்ததால், இதைவிட இருட்டான வானம் கிடைக்காது என்று 14ஆம் தேதி இரவை முடிவு செய்தேன்.

ஒரு வாரம் முன்பே தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும் ஒரு மேட்டு நிலம், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம், பக்கத்திலேயே ஆள் குடியிருக்கும் வீடுகள். எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கத்தான் ஆசை, ஆனால் இருட்டான இடம், அதுவும் ராத்திரி. அதனால் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவளிடம் சொல்லி, அவள் தோழிக்கும் அனுப்பச் சொன்னேன். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மேகம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாயை விரித்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டோம்; இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடமாகும், நடுவில் ஒருமுறை ஃபோனைப் பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த அரை மணி நேரம் பேசுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. இவ்வளவு நாள் பழகியும் அவளுடைய சின்ன வயது பயங்கள் எதுவும் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் மேகம் விலகியது. வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று திருவாதிரை, கொஞ்சம் தள்ளி எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக சிரியஸ். அதன் ஒளி நம்மிடம் வந்துசேர சுமார் எட்டரை வருடமாகும் என்று சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ இது கிளம்பினப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள்.

முதல் கீற்றை நான் பார்த்தேன், அவள் தவறவிட்டாள். இரண்டாவது நேராக எங்கள் தலைக்கு மேலே போனது, அவள் என் கையை இறுக்கிப் பிடித்த பிடியிலேயே பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. எரிகல் பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற தூசியால் வருபவை, இதுவோ 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோளின் தூசி, வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து எரிகிறது என்றெல்லாம் படித்து வைத்திருந்தேன். பாதிதான் சொன்னேன். "பேசாம மேல பாரு" என்றாள்.

இரண்டு மணிக்கு மேல் இன்னும் அதிகமாக வந்தன. விடியற்காலை முதல் பேருந்தில் ஏறியதும் பேனா கேட்டாள். டிக்கெட்டின் பின்பக்கம் 41 என்று எழுதி, இரண்டாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.