தேதி போடாத ஃபாரம்

"தம்பி, இங்க தேதி போடலையே?"

பேனாவை மூடாமல் சார் கேட்டார். "அதை நாங்க போட்டுக்குவோம் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வண்டி பெயர் மாற்றப் பேப்பர் எழுதிக்கொடுப்பது என் தொழில்; இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் அவரிடம் சொன்னது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

சார் தன் வண்டியை விற்றிருந்தார். விற்றதைத் தெரிவிக்கிற 29-ஆம் ஃபாரம் இரண்டு பிரதி, கூடவே பெயர் மாற்றக் கேட்கிற 30. வாங்குகிற பண்ருட்டிக்காரரை சாரே பார்த்துப் பேசி முடித்திருந்தார். என்னிடம் வந்தது பேப்பர் வேலைக்கு மட்டும். தேதியை ஏன் காலியாக விடுகிறோம் என்பது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தேதி விழுந்தால் நாள் ஓட ஆரம்பித்துவிடும். விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். காலியாக இருந்தால் வாங்கியவர் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமலே அடுத்த ஆளுக்குத் தள்ளியும் விடலாம். இது யாருக்கு வசதி என்று அன்று நான் யோசிக்கவில்லை. எனக்குக் கூலி கொடுத்தவரும் வாங்கியவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து சாருக்கு விபத்து இழப்பீட்டு வழக்கில் நோட்டீஸ் வந்தது. வண்டி இன்னும் அவர் பெயரில். இன்சூரன்ஸ் புதுப்பிக்கவே இல்லை. அந்த வண்டி மோதி, பைக்கில் வந்தவருக்கு ஒரு கால் போய்விட்டது.

தேதி போட்டிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெயர் மாற்றியிருக்க வேண்டியது வாங்கியவர். சாரும் ரிட்டயர்டு வாத்தியார், விவரம் தெரிந்தவர்தானே?

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். விவரம் தெரிந்தவர் என்பதால்தான் அந்தக் காலிக் கட்டம் அவர் கண்ணில் பட்டது. அவர் கேட்டார். "14 நாள் சார், ஒரு காப்பியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொடுத்திருந்தாலும், வாங்கியவர் தன் பங்கைச் செய்யாமல் பெயர் மாறியிருக்காது. ஆனால் சார் சும்மா இருந்திருக்க மாட்டார். வாரம் ஒருமுறை என்னிடம் வந்து நின்றிருப்பார். நானும் அந்தப் பண்ருட்டிக்காரரை விட்டிருக்க மாட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது தேதியை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துக்கு நீட்டுகிறேன். அதனால் சிலர் வேறு ஆளிடம் போகிறார்கள்.

நோட்டீஸோடு வந்த அன்று சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அன்னைக்குத் தேதி போட்டிருந்தா ஏதாவது மாறியிருக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"மாறியிருக்காது சார்" என்றேன். சட்டப்படி அது சரிதான். அடுத்த வாய்தா எப்போது என்று கேட்க, இன்னும் அவருக்குப் போன் செய்யவில்லை.