லெவல் புத்தகத்தில் தப்பாகத் தெரிந்த எண்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு பெரிய ஆற்றின் வெள்ளக்கரையில் சர்வே. தரையின் உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவியைக் கரை உச்சியில் நிறுத்தி, முதலில் ஆற்றுப் பக்கம் அளவுக் கம்பத்தைப் பிடிக்கச் சொன்னேன். மணல்மேட்டின் மேல் 2.30 காட்டியது. அப்புறம் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் வயலில் இறங்கினார்கள். 4.15. லெவல் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கம்பத்தில் எண் கூடினால் தரை தாழ்ந்திருக்கிறது. அதாவது ஆற்று மணலைவிட வயல் 1.85 மீட்டர் கீழே.

நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கம்பத்தைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். கருவி சமமாக இருப்பதைக் காட்டும் குமிழி நடுவில்தான் நிற்கிறதா என்று குனிந்து சரிபார்த்தேன். மூன்றாம் தடவையும் அதே எண் வந்ததும், பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த எங்கள் மூத்த சர்வேயர் சிரித்தார். “தப்பெல்லாம் இல்ல தம்பி, எழுதிக்கோ. ஆறு மாடியில ஓடுது, ஊர் கீழ்த்தளத்துல இருக்கு.”

அலுவலகத்துக்கு வந்து குறுக்குவெட்டு வரைந்தபோது இன்னும் கலக்கமாக இருந்தது. கரையோர மணல் மட்டுமில்லை, நடு ஆற்றின் தரையே பல இடங்களில் வெளியே இருக்கும் நிலத்தைவிட உயரம்.

இது எப்படி நடக்கிறது என்பது புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. மலையிலிருந்து இறங்கும் ஆறு தண்ணீரோடு மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. சமவெளியில் வேகம் குறைந்ததும் சுமையை இறக்கி வைக்கிறது. கரை கட்டாத காலத்தில் அந்த வண்டல் வெள்ளத்தோடு அகலமாகப் பரவிப் படிந்தது. இரண்டு பக்கமும் கரை எழுப்பிவிட்டால் அத்தனையும் உள்ளேயே தங்குகிறது. தரை உயர்கிறது, அதனால் கரையை உயர்த்துகிறோம், அதனால் தரை இன்னும் உயர்கிறது. சீனாவின் மஞ்சள் ஆறு இப்படித்தான் கைஃபெங் நகரத்தின் தரைமட்டத்தைவிடப் பல மீட்டர் மேலே ஓடுகிறது. 1855ல் அது கரையை உடைத்துக்கொண்டு வடக்கே திரும்பியபோது, ஷான்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு வடக்கே போஹாய் கடலுக்குப் போய்விட்டது. முகத்துவாரமே சில நூறு கிலோமீட்டர் தள்ளி.

சரி, என் தவறுக்கு வருகிறேன். அதே ஆற்றுக்குக் கணினியில் வெள்ள மாடல் ஓட்டும் வேலை பிற்பாடு என்னிடம் வந்தது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் கரை உடைந்தால் எந்தெந்த ஊர் எவ்வளவு ஆழத்தில் மூழ்கும் என்று வரைபடம் தர வேண்டும். தந்தேன். வெளிர்நீலம், நீலம், கருநீலம் என்று அழகான வரைபடம். பத்தாம் நாள் ஆற்றில் வரத்து குறைந்ததும், உடைப்பு வழியாகத் தண்ணீர் வெளியேறுவது தானாக நின்றுவிடும் என்று என் மாடல் சொன்னது. அந்த சர்வேயர் அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தண்ணி எங்க போகும்னு காட்டியிருக்க. ஆறு எங்க போகும்?”

எனக்குக் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது வெட்கமாக இருந்தது. என் மாடலில் ஆற்றின் தரை கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் இருந்தது. உடைப்பின் அடித்தளமும் அப்படித்தான். உண்மையில் உடைப்பு வாயில் பாயும் தண்ணீர் அடியை அரித்துப் பள்ளமாக்கும். பள்ளமானால் இன்னும் தண்ணீர் அங்கே இழுபடும். பழைய ஆற்றில் ஓட்டம் குறைந்து மணல் படிந்து வாய் அடைபடும். வெளிப்பக்கச் சரிவு பழைய பாதையின் சரிவைவிட அதிகமாக இருந்தால் வெள்ளம் வடிந்த பிறகும் ஆறு திரும்பி வராது. அது வெள்ளமாகவே இருக்காது, ஆற்றின் புது விலாசம்.

நேபாளத்திலிருந்து பீகாருக்கு இறங்கும் கோசி ஆற்றில் 2008ல் நடந்தது அதுதான். ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசகா என்ற இடத்தில், கோசி தடுப்பணைக்கு மேலே, கிழக்குக் கரை உடைந்தது. எங்கள் துறையில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் எண், அன்றைய வரத்து விநாடிக்கு சுமார் 1.44 லட்சம் கனஅடி. கரைகள் வடிவமைக்கப்பட்டதோ 9.5 லட்சம் கனஅடிக்கு. ஆறில் ஒரு பங்குகூட இல்லாத தண்ணீரில் உடைந்திருக்கிறது. ஓட்டம் கிழக்குக் கரையை ஒட்டி வந்து, கரையைக் காக்க ஆற்றுக்குள் நீட்டிக் கட்டியிருந்த தடுப்புகளை அரித்து, பிறகு கரையையே அரித்தது. தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து உடைத்ததல்ல இது. உடைப்பு கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்கு அகன்றது. ஆற்றின் பெரும்பங்கு அந்த வழியாகத் தெற்கே இறங்கி, எப்போதோ தான் விட்டுப்போன பழைய தடங்களில் போய்ச் சேர்ந்தது. சுபௌல், மதேபுரா, அரரியா பக்கத்துக் கிராமங்கள், 1950களில் கரை எழும்பிய பிறகு கோசியைக் கண்ணாலேயே பார்க்காத ஊர்கள், நடு ஆறாகிவிட்டன. பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். உடைப்பை அடைத்து ஆற்றைப் பழைய வழிக்குத் திருப்ப 2009 ஜனவரி வரை ஆயிற்று.

இருநூறு சொச்சம் ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்த ஆறு அது. நகர்வதுதான் அதன் குணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்று காலைவரை எல்லாருடைய கண்ணும் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதில்தான் இருந்திருக்கும். எங்கள் வேலையே அப்படி. அபாய அளவு என்று கம்பத்தில் சிவப்புக் கோடு போடுகிறோம். தரை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதற்குக் கோடு கிடையாது.

நம் காவிரிக்கும் இந்தச் சிக்கல் உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் கூடுதல் சரிவோடு போகிறது, அதனால் காவிரியின் தண்ணீரை அது மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. காவிரி மேடாகி டெல்டா காயத் தொடங்கியதால்தான் ஆர்தர் காட்டன் 1836ல் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்தப் பழைய அணையின் மதகுகளில் சில இடிந்து விழுந்தன. செய்தி பார்த்தவர்கள் தண்ணீர் வீணாகிறதே என்று வருந்தினார்கள். நான் அந்த நூற்றாண்டுகள் பழைய இழுபறியை நினைத்துக்கொண்டேன்.

கூட்டங்களில் இதை விளக்கினால் உடனே வரும் கேள்வி, “எந்த வருஷம் மாறும்?” நூறாண்டு வெள்ளம் என்றால் ஏதோ கணக்கு சொல்லிவிடலாம். இதற்குச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் சொல்லிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிரியும் அட்சாஃபலாயா என்ற கிளை ஆறு வழியாகப் போனால் கடலுக்குப் பாதி தூரம்தான் என்பதால் ஆறு அங்கே தாவப் பார்க்கிறது, 1965க்கும் 1975க்கும் இடையில் மீள முடியாத கட்டத்துக்கு வந்துவிடும் என்று 1952ல் ஓர் அறிக்கை சொன்னது. 1963ல் கட்டுப்பாட்டு மதகுகள் தயாராகி, 30 சதவீதம் மட்டும் அந்தப் பக்கம் என்று நிர்ணயித்தார்கள். 1973 வெள்ளத்தில் மதகின் வழிகாட்டுச் சுவர் ஒன்று சரிந்தது, அடித்தளத்துக்குக் கீழே பெரிய குழி விழுந்தது. தப்பித்தது. 1986ல் துணைக்கு இன்னொரு மதகு கட்டினார்கள். அறிக்கை பொய்த்ததா, பலித்ததா? நீங்களே சொல்லுங்கள்.

என் வரைபடத்தை நான் மாற்றினேன். நீலத்தோடு, ஆறு நிரந்தரமாகப் போகக்கூடிய பழைய தடங்களைத் தனியாகப் பழுப்பில் குறித்தேன். அந்த இடங்களில் பள்ளிக்கூடம், துணைமின் நிலையம் கட்டுவதற்குமுன் யோசியுங்கள் என்று ஒரு பத்தியும் எழுதினேன். நீலம் அறிக்கையின் முகப்பில் வந்தது. பழுப்பு பின்னிணைப்புக்குப் போனது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, நான்கூட அந்த வயதில் அங்கேதான் வைத்திருப்பேன்.

வாதாடிப் பெற்றது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் அதே இடங்களில் குறுக்குவெட்டை மறுபடி அளப்பது. போன முறை படகில் ஆழமானியோடு போனோம். பழைய தாளில் நாலு மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்த இடத்தில் படகு தரைதட்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். முழங்கால் அளவுதான் தண்ணீர். இரண்டு பக்கமும் கரைகள் மட்டும் புதிதாக மண்போட்டு உயர்த்தியபடி இருந்தன.